அம்மாவின் கைக்கு வந்த சாமி

அம்மாவின் கழுத்துக் கட்டியைத் திருச்சியில் அறுத்து எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே உதடு மரத்தது, விரல் நுனிகள் குறுகுறுத்தன. வெள்ளிக்கிழமை சோறு வடிக்கும்போது இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் குவிந்து, அப்படியே நின்றுவிட்டன.

அத்தை பார்த்தாள். "விரலு பாம்புப் படமாட்டம் நிக்குது பாருங்க, அம்மன் வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் வாசலில் கூட்டம். கையை நிமிர்த்த முடியாதவளிடம் காணாமல் போன ஆட்டைப் பற்றிக் குறி கேட்டார்கள். விரதம் என்று அத்தை சோற்றையும் பாலையும் நிறுத்தினாள். அந்தக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எரிகிறது. இனி அவர்களோடு சண்டை போடத்தான் எனக்குத் தெம்பில்லை.

ஆனால் அன்று எனக்குப் பெருமை. என் வகுப்பில் வேறு யார் அம்மாவுக்கும் சாமி வந்ததில்லை. நானும் வரிசையில் நின்று, கணக்கில் பாஸாவேனா என்று கேட்டேன்.

அம்மா என் காதருகே, "சாமியுமில்ல ஒண்ணுமில்லடி. இழுத்துக்கிட்டு வலிக்குது. விரல நிமித்திவுடு" என்றாள்.

"பேசாம இரும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

கை மடங்கிய மூன்றாம் நாள் அம்மாவுக்குத் தொண்டை இறுகி மூச்சு முட்டியது. சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன லாரியை அப்பா கைகாட்டி நிறுத்தினார். அத்தையும் நானும் தொற்றிக்கொண்டோம். அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவின் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். கன்னத்தில் விரலால் தட்டினார். அம்மாவின் வாய் கோணித் துடித்தது. நரம்பில் மெல்ல மருந்தை ஏற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"சாமி எறங்கிருச்சுங்களா?" என்று அத்தை கேட்டாள்.

"கால்சியம் ஏறிருக்கு" என்றார் டாக்டரம்மா.

பிறகு அப்பாவிடம் சொன்னார். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்குமாம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை ஒரு ஹார்மோனை விடும். அது எலும்பிலிருந்து கொஞ்சம் எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், சாப்பாட்டிலிருந்து கூடுதலாக இழுக்க வைக்கும். கட்டியோடு அந்த நான்கும் போய்விட்டன. அதை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. "எலும்புல கால்சியம் இருக்கு. எடுத்துக் குடுக்கத்தான் ஆளில்ல. இனிமே மாத்திரைதான்" என்றார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அம்மா எனக்குச் சடை பின்னினாள். சாமி போய்விட்டதே என்று நான் அழுதேன். அவள் திட்டவில்லை. மூன்று நாளும் அவள் என்னிடம் கேட்டது விரலை நிமிர்த்திவிடச் சொல்லி மட்டும்தான். அதைக்கூட நான் செய்யவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.