மனோகர் கொடுத்த பிளாஸ்டிக் டியூப்

இன்று காலை முட்டுக்காட்டில் என் சைக்கிள் டியூப் வால்வோடு கிழிந்துவிட்டது. கூட வந்த மனோகர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூபை நீட்டினான்.

"புடி மச்சான், வெயிட்டே இருக்காது. ஆனா டயருக்கு வெளிய வெச்சு காத்தடிக்காத, வீணாப்பூடும்."

சைக்கிள் குழுவில் எனக்கு வரவேண்டிய தலைவர் பதவியைப் பறித்தவன். வெளியே காற்றடித்தால் ஓட்டை தெரிந்துவிடும் என்றுதானே அப்படிச் சொல்கிறான்?

அவன் முன்னால் போனதும் பஞ்சர் கடையில் கொடுத்து, காற்றடித்துத் தண்ணீரில் முக்கச் சொன்னேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் உப்பிய டியூப் மறுபடி சுருங்கவே இல்லை.

"இன்னா சார், சொரக்கா மாதிரி வீங்கிகினு கீது? இனிமே டயருக்குள்ள போவாது," என்றார் கடைக்காரர்.

மாமல்லபுரம் போகவேண்டியவன் ஆட்டோவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அவன் எதைச் செய்யாதே என்றாலும் நான் அதைத்தான் செய்வேன் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். நீங்களே சொல்லுங்கள், இவன் இதுவரை யாருக்காவது நல்ல யோசனை சொன்னதுண்டா?