சுந்தரவல்லியின் ஈரப் பூனை

சுந்தரவல்லி என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது அறுபத்தேழாம் வருஷம் தை மாதம், சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில். என் ஓரகத்தியின் தம்பி துரைராஜுக்குப் பெண் பார்க்க மந்தைவெளிக்குப் போனவர்கள் திரும்பி வந்து, சிரித்துக்கொண்டே இருந்தார்கள். துரைராஜுக்கு இடது கால் சூம்பியிருக்கும். அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று பெரியவர்கள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது, பெண்ணே எட்டிப் பார்த்து, "காலு நொண்டினு நானே பாத்துட்டேன். காப்பி ஆறிக்கினு கீது, குடிங்க" என்றாளாம்.

"பேரு சுந்தரவல்லி. இவனுக்கு ஏத்தவதான்" என்றாள் ஓரகத்தி.

அந்தக் கால் ஊனத்தை வைத்துத்தான் பிற்பாடு துரைராஜுக்கு மந்தைவெளியில் சர்க்கார் பால் பூத் கிடைத்தது. எண்பத்தொன்பதில் அவன் போய்ச்சேர்ந்த பிறகு பூத் சுந்தரவல்லி பெயருக்கு மாறியது. ஒரே மகள் கயல் அசோக் நகரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாதம் ஒரு தரம் வந்து, "என்கூட வந்துடும்மா" என்பாள்.

"உம் புருஷன் பேப்பர் படிச்சு முடிக்கிற வரிக்கும் நான் வாய மூடிக்கினு குந்தணும். எனக்கு பூத்து கீது, போடி" என்பாள் இவள்.

பூத்துக்குப் பக்கத்து வீடு கிச்சா மாமாவுடையது. அவர் மகன் சுஹாஸ் கப்பலில் இன்ஜினீயர். தொண்ணூற்று மூன்றில் லீவுக்கு வந்தவன் துருக்கி தேசத்திலிருந்து ஒரு பூனைக்குட்டி கொண்டுவந்தான். உடம்பு முழுக்க வெள்ளை. நெற்றியிலும் வாலிலும் மட்டும் டிகாக்‌ஷன் சிந்தினாற்போல் பழுப்பு. ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள். அங்கே ஒரு பெரிய ஏரிப் பக்கம் தானாகவே உண்டான ஜாதியாம். அந்த ஊரிலேயே அபூர்வமாம். தண்ணீரைக் கண்டால் விடாதாம், நீந்துமாம். சுஹாஸ் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு, பூனையை வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டான்.

அந்த வருஷம் மெட்ராஸில் தண்ணீருக்குப் பெரிய அடிதடி. கிச்சா மாமா பூஜைக்கென்று, யார் கையும் படாமல், ஒரு அண்டாவில் மடித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். பூனை அதில் இறங்கிக் குளித்தது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம். மூன்றாம் தரம் மாமா அதைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு பூத் வாசலுக்கு வந்தார்.

"இது பூனையா, தவளையா? எங்காத்துல இனிமே இதுக்கு இடமில்லை. வச்சுக்கறதுன்னா நீ வச்சுக்கோ."

"இன்னா மாமா, மூணு வாட்டி குளிச்சுட்டு நிக்கிது. இதவிட மடியா யாரு இருப்பா உங்க வூட்ல?"

மாமா அன்றைக்குப் பால் வாங்காமலே போனார்.

சுந்தரவல்லி அதற்குக் கப்பல் என்று பெயர் வைத்தாள். தூக்கினால் அதற்குப் பிடிக்காது. மடியில் உட்காராது. ஆனால் அவள் எங்கே போனாலும் நாலடி முன்னால் போகும். அவள் கைபம்பு அடித்தால் தலையை நீட்டி நனைந்துகொள்ளும். பிடித்தவர்களிடம் ஓயாமல் பேசும், பிடிக்காதவர்களுக்கு முதுகைக் காட்டும். பூனைக்கு இந்தக் குணம் துருக்கியிலிருந்து வந்ததா, பூத்துக்கு வந்த பிறகு வந்ததா என்று கியூவில் நிற்கிறவர்கள் பந்தயம் கட்டாத குறைதான்.

மறு வருஷம் பூத்தில் பால் பாக்கெட்டுகளில் ஓட்டை விழ ஆரம்பித்தது. தினம் இரண்டு, மூன்று. கப்பலோ எந்நேரமும் சொட்டச் சொட்ட ஈரத்தோடு, பாக்கெட் அடுக்கிய பிளாஸ்டிக் டப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கிச்சா மாமா, பூனைதான் கிழிக்கிறது என்று முத்து முத்தான கையெழுத்தில் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். ஆபீசர் ஒருவர் வந்து பார்ப்பார், பூனைதான் என்று தெரிந்தால் பூத் வேறு ஆளுக்குப் போகும் என்று பதில் வந்தது.

சுந்தரவல்லி எனக்குச் சொல்லியனுப்பினாள். போனேன். அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான். "இத சைதாப்பேட்டைக்கு இட்டுக்கினு போயிடு அண்ணி" என்று கப்பலைக் கூடையில் வைத்தாள். நான் கூடையைத் தூக்கியதும் பிடுங்கிக்கொண்டாள். "வேணாம். அனுப்பிட்டா இதுதான்னு நானே ஒத்துக்கினா மாரி ஆயிடும். பூத்து போனா போவட்டும், மருமவன் பேப்பர் படிக்கிறத பாத்துக்கினு இருக்கேன்" என்று கப்பலை வெளியே விட்டாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் துரைராஜுக்கென்று ஒரு பிடி சோற்றை, அடுக்கியிருக்கும் பால் டப்புகளின் மேல் வைப்பாள். அவன் கையை ஊன்றி உட்கார்ந்திருந்த இடம் அது. ஊரில் எல்லோரும் காக்கை வந்து எடுக்கிறவரை நின்று பார்ப்பார்கள். இவள் வைத்த கையோடு முதுகைத் திருப்பிக்கொள்வாள். ஆள் பார்த்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். நொண்டிக் காகம் ஒன்று தவறாமல் வந்தது. அது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை ஆபீசர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கிச்சா மாமா கிழிந்த பாக்கெட்டுகளை ஒரு பையில் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். சுந்தரவல்லி ஒரு மூடியில் பால் ஊற்றிக் கப்பல் முன்னால் வைத்தாள். அது மோந்து பார்த்தது. அசிங்கத்தை மூடுகிறாற்போல் முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. பிறகு போய் வாளித் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தது. ஆபீசர் சிரித்துவிட்டார்.

"வயிறு ரொம்பியிருக்கும் சார்!" என்றார் மாமா.

சுந்தரவல்லி சோற்றை எடுத்து வந்தாள். சோறு வைக்கிற நேரம். வைத்துவிட்டு, ஆபீசரே நின்றாலும் வழக்கப்படி முதுகைத் திருப்பிக்கொண்டாள். நொண்டிக் காகம் வந்தது. சோற்றைத் தின்றது. பிறகு சாவகாசமாக டப்புக்குள் தலையை விட்டு, ஒரு பாக்கெட்டை நாலு கொத்துக் கொத்தி, பீய்ச்சிய பாலைக் குடித்தது.

"ஏம்மா, அந்த நொண்டிக் காக்கா தினம் வருமா?"

"எங்க வூட்டுக்காரர் சார் அவரு. தினம் வருவாரு" என்றாள் திரும்பாமலே.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா பாக்கெட்டைக் கிழிக்கிறார்."

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக சுந்தரவல்லி திரும்பிப் பார்த்தாள். "அதான பாத்தேன்! எத்தினி ஊத்தினாலும் காப்பில பாலு பத்தலம்பாரு."

கிச்சா மாமா செருப்பைக் கழற்றிவிட்டார். "சார், என் லெட்டரைத் திருப்பிக் குடுத்துடுங்கோ."

"நீங்க பூனை மேலதானே சார் எழுதியிருக்கீங்க?"

"பூனை பண்ணலைன்னு ஆயிடுத்தே! இனிமே அது யார் மேல போய் நிக்கும்? பித்ரு மேல புகார் எழுதின பாவம் எனக்கு வேண்டாம் சார்."

லெட்டர் மாமா கைக்குப் போனது. ஆபீசர் இரண்டு சொன்னார்: டப்புகளை ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும், சோற்றை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

"எங்க வெக்கிறது? அவரால தூரம் நடக்க முடியாது சார்" என்றாள் சுந்தரவல்லி.

"எங்காத்து மதில் இருக்கே" என்றார் மாமா. "அந்தத் தவளை மட்டும் மதில் தாண்டப்படாது."

ஈரச் சாக்கு வந்ததில் லாபம் கப்பலுக்குத்தான். அன்றிலிருந்து அதன் மேலேயே படுக்கை. அதைத் தாண்டி எந்தக் காகமும் வரவில்லை. மதிலில் சோறு விழுந்ததும், "துரைராஜ், வாப்பா" என்று மாமாவே கூப்பிட ஆரம்பித்தார்.

ஐந்து வருஷமாகிறது. கயல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். சுந்தரவல்லி மந்தைவெளியில், அதே பால் பூத்தில் இருக்கிறாள்.