பாதியில் எழுந்திருக்கத் தெரியாதவள்

பாஞ்சாலிக்கு எதையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கத் தெரியாது. சினிமாவுக்குப் போனால், படம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும், ஜன கண மன முடிந்த பிறகுதான் தியேட்டரை விட்டு வெளியே வருவாள். கூடப் போன தோழிகள் இடைவேளையிலேயே கையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் உட்காருவார்கள். தட்டில் விழுந்த சோறு தட்டில் மிஞ்சாது. ஆரம்பித்த சண்டையைக்கூட அவள் பாதியில் விட்டதில்லை என்று அவள் குடியிருந்த ஜீவனஹள்ளியின் குழாயடியில் சொல்வார்கள். இந்தக் குணம்தான் அவளை ஆளாக்கியது, இந்தக் குணமே ஒருமுறை அவளைக் கவிழ்க்கவும் பார்த்தது.

சுதந்திரம் வந்த வருஷம் பிறந்தவள். அப்பா கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். வீட்டுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில் புத்தர் படம் மாட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பௌத்த சங்கத்துக் கூட்டத்துக்கு மகளையும் அழைத்துப் போவார். மற்ற நாளெல்லாம் படி, படி என்று ஒரே பாட்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்து, பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பஞ்ச் ரூம் என்று பெயர். அட்டைகளில் ஓட்டை போடுகிற இயந்திரங்களின் முன்னால் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். காது செவிடாகிற சத்தம். அங்கே அவள் கைக்கு இருந்த வேகம் வேறு யாருக்கும் இல்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தொழிற்சாலையிலேயே அந்த ஒரு அறைக்குத்தான் ஏ.சி. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, சுவெட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத ஆள் வேண்டும் என்று சிப்பந்திகள் எல்லாருக்கும் ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறியவர்களில் ஒருவன் பி.எஸ்ஸி. படித்த ஸ்ரீகண்டன், இன்னொருத்தி பாஞ்சாலி. பஞ்ச் ரூம் மூக்கின் மேல் விரலை வைத்தது. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் கிளாரன்ஸ், ஆங்கிலோ இந்தியர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். மூன்று மாதம் பார்ப்பேன், ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் பழைய நாற்காலிக்கே போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கொடுத்த புரோகிராம் பஸ் கணக்கு. தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிவர ஊர் முழுக்கக் கம்பெனி பஸ் ஓடியது. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு அட்டை, அதில் அவர் ஏறும் நிறுத்தத்தின் எண்ணும் ஷிப்டும் இருக்கும். புரோகிராம் ஓடத் தொடங்கியதும், கம்ப்யூட்டரோடு இணைந்த டைப்ரைட்டர் தானாகவே ஒரு கேள்வியை அடிக்கும்: என்ன வேண்டும்? ஒன்று என்றால் ரூட் வாரியாகக் கணக்கு. இரண்டு என்றால் நிறுத்தம் வாரியாக எல்லா ஆட்களும். மூன்று என்றால் நிறுத்தம் வாரியாக, காலையில் வந்து சாயங்காலம் போகும் ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் மட்டும். நாலு என்றால் போதும், முடித்துக்கொள். ஓட்டல் சர்வர் வந்து கேட்பது மாதிரிதான். கேட்டதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறென்ன வேண்டும் என்று மறுபடி வந்து நிற்கும்.

இதற்காகக் கம்ப்யூட்டரின் நினைவில், நிறுத்தத்துக்கு ஒன்றாக வரிசையாகப் பெட்டிகளை ஒதுக்கினாள். அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்து அந்தந்தப் பெட்டியில் ஒன்று கூட்டுவது ஒரு சுற்று. முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை போய், உள்ளே இருக்கும் எண்ணைக் காகிதத்தில் அடிப்பது இன்னொரு சுற்று. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு நினைவில் இடம் குறைவு. அதனால் இரண்டாம் கணக்குக்கும் மூன்றாம் கணக்குக்கும் அதே பெட்டிகள்தான். ஒரு பெட்டியின் எண்ணை அடித்தவுடன் அதை அப்போதே காலி செய்துவிட்டு அடுத்ததற்குப் போகும்படி எழுதியிருந்தாள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவிக் கவிழ்க்கிற பெண் வேறு எப்படி எழுதுவாள்?

புதிதாக எழுதுகிறவர்கள் விழுகிற பள்ளங்களில் எல்லாம் அவளும் விழுந்து எழுந்தாள். முதலில் கடைசி நிறுத்தமே காணாமல் போனது, சுற்று ஒன்று குறைவாக ஓடியிருக்கிறது. அதைச் சரி செய்தால் ஒன்று அதிகமாக ஓடி, இல்லாத பெட்டியைத் தேடிப் போய்க் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. எல்லாவற்றையும் பிடித்துத் திருத்தினாள். இந்தச் சமயத்தில்தான் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் சேஷகிரி ஒரு யோசனை சொன்னார். நீளமான பட்டியல் முழுவதும் உட்கார்ந்து பார்க்கத் தன்னால் ஆகாது, வேண்டியதைப் பார்த்தவுடன் நிறுத்த வழி வேண்டும் என்றார். சேஷகிரி கெட்டவரில்லை. பொறுமை ஒன்றுதான் இல்லை. காபியில் பாதி குடிப்பார், எதிராளி பேச்சில் பாதி கேட்பார். அவருக்காக ஒரு சுவிட்ச்சை ஏற்பாடு செய்தாள். தட்டினால் அடிப்பது நின்று, என்ன வேண்டும் என்ற கேள்வி திரும்ப வரும். ஒருமுறை தட்டிப் பார்த்தாள், நின்றது, கேள்வி வந்தது, நாலு என்று அடித்தாள், முடிந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலையில் பரீட்சை. சேஷகிரி வந்து உட்கார்ந்தார், கிளாரன்ஸ் பின்னால் நின்றார். சேஷகிரி இரண்டு என்று அடித்தார். பட்டியல் நிறுத்தங்களின் எண் வரிசைப்படி வந்தது, அதில் ஜீவனஹள்ளி அல்சூருக்கு வெகு பின்னால். அல்சூர் வந்ததும் போதும் என்று சுவிட்ச்சைத் தட்டிவிட்டு, மூன்று என்று அடித்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஜீவனஹள்ளி. அங்கே இரண்டாவது பஸ் விட வேண்டும் என்று லேத் பிரிவில் இருந்த ஜீவனஹள்ளிக்காரர் சின்னப்பா மாதக்கணக்காக மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். ஜீவனஹள்ளிக்கு நேரே நூற்றுப் பதினேழு என்று வந்தது. சேஷகிரிக்குப் புருவம் ஏறியது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, திங்கட்கிழமையே இரண்டாவது பஸ்ஸுக்கு உத்தரவு போட்டுவிடுகிறேன், புரோகிராம் பிரமாதம் என்றார். கிளாரன்ஸ் கைகொடுக்க வந்தார்.

பாஞ்சாலி கையை நீட்டவில்லை.

"சார், அது தப்பு," என்றாள்.

"எதும்மா தப்பு?"

"நூத்திப் பதினேழு. ஜெனரல் ஷிப்டுக்கு அவ்ளோ பேர் அங்க ஏர்றதில்ல சார். தினம் நான் அங்கதான் ஏர்றேன்."

இங்கேதான் இந்தப் பெண்ணை மெச்ச வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி அவளுக்கு, பஸ் அவள் தெருவுக்கு. அந்த அறையில் இருந்த யாருக்கும் ஜீவனஹள்ளியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியாது. தன் கையால் எழுதியது பொய் சொல்கிறது என்று, தன் தலைவிதியை எழுதப் போகிறவர்கள் எதிரிலேயே சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். சேஷகிரி சலித்துக்கொண்டு பாதிக் காபியோடு எழுந்து போனார். கிளாரன்ஸ் காகிதத்தைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமைக்குள் தப்பு எங்கே என்று கண்டுபிடி, இல்லாவிட்டால் திங்கட்கிழமை பஞ்ச் ரூம் என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

சேதி அவளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. நிறுத்தத்தில் இறங்கியதும் சின்னப்பா வழிமறித்தார்.

"கைக்கு வந்ததைக் கெடுத்துட்டியே பாஞ்சாலி. மிஷின் சொன்னா சொல்லிட்டுப் போவுது. நீ சும்னே இருந்திருந்தா எங்களுக்கு பஸ்ஸு, உனக்கு சீட்டு."

"இன்னிக்கி நூத்திப் பதினேழுன்னு சொல்லிச்சு, சந்தோசம்ணா. நாளைக்கி இதே மிஷினு ஜீவனஹள்ளில ஆளே ஏர்றதில்லன்னு சொல்லி, இருக்கிற ஒரு பஸ்ஸையும் புடுங்கிக்கினா? அப்போ யாராண்ட போய் கேக்கறது?"

சின்னப்பா விறுவிறுவென்று நடையைக் கட்டினார். அந்த வாரம் முழுவதும் காலையில் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மட்டுமில்லை, நின்றிருந்த பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் பஸ்ஸில் அழவில்லை.

புதியவர்களுக்குக் கம்ப்யூட்டர் கிடைப்பது ஆபரேட்டர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான். தினம் அந்த நேரத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு அடித்து முடியும்வரை பார்த்தாள், மூன்று அடித்தாள். ஜீவனஹள்ளி நாற்பத்தாறு. சரி. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்தாள். நாற்பத்தாறு. தலைகீழாக அடித்தாலும் நாற்பத்தாறு. டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி நின்றுபோவது மாதிரி, தப்பு அவள் வந்தாலே ஒளிந்துகொண்டது. கம்ப்யூட்டருக்கே அன்றைக்கு ஏதோ கோளாறு, அப்படியே எழுதிக் கொடுத்துவிடு என்று ஸ்ரீகண்டன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அவள் கேட்கவில்லை. நூற்றுப் பதினேழில் நாற்பத்தாறு போனால் எழுபத்தொன்று. அந்த எழுபத்தொன்றைத் தேடினாள், கிடைத்தது. ஜீவனஹள்ளியில் எல்லா ஷிப்டுக்குமாகச் சேர்த்து ஏறுகிறவர்கள் எழுபத்தொரு பேர். அதாவது இரண்டாம் கணக்கின் மிச்சம் பெட்டியிலேயே தங்கி, அதன் மேல் மூன்றாம் கணக்கு ஏறியிருக்கிறது. ஆனால் எப்படித் தங்கும்? அடித்தவுடன் காலி செய்கிறாளே! அந்த வரியைக் கண் வலிக்கப் படித்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே போனது. அன்றைக்குத்தான் அவளுக்கு ஒன்று தோன்றியது. தப்பு வந்த அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது அவள் இல்லை. ஸ்ரீகண்டன் கேண்டீனில் ஆபீசர்களை மாதிரி நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரன். அவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"நீங்க சேஷகிரி சாரா மாறிடுங்க. அவர் இன்னான்ன செய்வாரோ எல்லாம் செய்யுங்க."

அவனுக்குச் சொல்லியா தர வேண்டும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினான், சாவிக்கொத்தைக் குலுக்கினான், நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்தான். இரண்டு என்று அடித்தான். பட்டியல் அல்சூருக்கு வந்ததும், போறும் போறும், மனுஷனுக்கு வேலை இருக்கு என்று சுவிட்ச்சைத் தட்டினான். உடனே மூன்று அடித்தான். அல்சூர்வரை எல்லாம் சரியாக வந்தது. ஜீவனஹள்ளிக்கு நேரே நூற்றுப் பதினேழு.

இருவரும் சிரித்த சிரிப்பில் சாப்பிடப் போன ஆபரேட்டர்கள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். விஷயம் இவ்வளவுதான். அடித்த பெட்டிகள் காலியாகிவிட்டன. பாதியில் நிறுத்தியதால் அடிக்காமல் விட்ட பெட்டிகளில் பழைய எண் அப்படியே கிடந்தது. பாதியில் எழுந்தவர் கைகழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் பாஞ்சாலி நினைத்திருந்தாள். எழுந்தவர் அடுத்த பந்தியில் போய் உட்காருவார் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை, ஏனென்றால் அவள் பாதியில் எழுந்தவளே இல்லை. எண்ணத் தொடங்கும் முன்பே எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை காலி செய்கிற ஒரு சின்னச் சுற்றை எழுதி, அதற்கான அட்டைகளைத் தானே பஞ்ச் செய்து சேர்த்தாள்.

மறுநாள் சேஷகிரி வந்தார். அவர் பாதியில் நிறுத்தியதால் வந்த வினை என்று கிளாரன்ஸ் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சுவிட்ச் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்தார். பட்டியல் வந்துகொண்டிருந்தது. அல்சூர் நெருங்கியது. பாஞ்சாலி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இவர் இப்படியே முழுதும் பார்த்துவிட்டால் பழைய புரோகிராமே சரியான எண்ணைத்தான் காட்டும். நாற்காலி கிடைத்துவிடும், ஆனால் எதுவும் நிரூபணம் ஆகாது.

"சார், பாதியிலே நிறுத்துங்க சார்," என்றாள்.

"வேண்டாம்மா. நான் பொறுமையா முழுசும் பாக்கறேன். அன்னிக்கு நான் நிறுத்தினதாலதானே இவ்வளவும்."

"நீங்க நிறுத்தினது தப்பில்ல சார். நிறுத்துவீங்கன்னு நான் நெனைக்காததுதான் தப்பு. நீங்க எப்பவும் போல இருங்க."

சேஷகிரி அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு, வெகுநேரம் அடக்கிவைத்த தும்மலைப் போட்டவர் மாதிரி, நிம்மதியாகச் சுவிட்ச்சைத் தட்டினார். மூன்று என்று அடித்தார். ஜீவனஹள்ளி நாற்பத்தாறு. அப்படியானால் உங்களுக்கு ஒரு பஸ்தான் என்றார் வருத்தத்தோடு. ஆமாம் சார் என்றாள் பாஞ்சாலி. கிளாரன்ஸ் நீட்டிய கையை இந்தத் தடவை பற்றிக் குலுக்கினாள்.

திங்கட்கிழமை காலை நிறுத்தத்தில் வழக்கமான கூட்டம். சின்னப்பா தானாகவே பக்கத்தில் வந்தார்.

"சீட்டு கெடச்சுதாமே."

"கெடச்சுதுண்ணா."

"மிஷினு எத்தினின்னு சொல்லிச்சு?"

"நாப்பத்தாறு."

அவர் நிறுத்தத்தில் நின்றவர்களை ஒரு கோடியிலிருந்து விரலால் சுட்டி, உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தார். லீவில் இருந்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார், தன்னையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார், கடைசியில் அவளையும். எண்ணிக்கை நாற்பத்தாறில் வந்து நின்றது. பஸ் வந்தது. எல்லாரும் முண்டியடித்தபோது கையை விரித்துக் கூட்டத்தைத் தடுத்து நிறுத்தினார்.

"ஏறும்மா, நீ மொதல்ல ஏறு," என்றார்.

உள்ளே உட்கார இடமில்லை. பாஞ்சாலி தொழிற்சாலை வாசல் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.