செரிப்பழப் பியரோடு அஜக்ஸிலிருந்து மோர்னிங்சைட்டுக்கு

இது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு யூலை மாதத்தில் போன பயணம். என் மனிசன் செத்து முப்பதாம் நாள். மறுநாள் அந்தியேட்டிச் சடங்கு, அவருக்கு விருப்பமானதைப் படைக்க வேண்டும். அவர் கடைசியாகக் காய்ச்சிய பியர் அஜக்ஸில், அவருடைய சிநேகிதர் சிவம் அண்ணையின் பேஸ்மென்றில் இருந்தது. வீட்டுக்குள் அந்த மணம் கூடாது என்று நான் சொன்னதால் அங்கே வைத்துத்தான் காய்ச்சுவார்.

எங்கள் வீடு இருந்த மோர்னிங்சைட்டில் பஸ் ஏறி, பிறகு ரயில். ரிக்கற் நாலு டொலர் சொச்சம். தனியாக ரயில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. நான் ஐந்தாம் வகுப்புப் படிப்பு. பலகையில் இருக்கிற இங்கிலிஷ் விளங்காது. இடம் தவறிவிடுமோ என்ற பயத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் "அஜக்ஸ்? அஜக்ஸ்?" என்று மூன்று தரம் கேட்டேன்.

சிவம் அண்ணை வீட்டில் பியர் இருந்தது ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில், இருபது லீட்டர் மட்டில். பியர் ஒருமுறை புளித்து அடங்கியதும் இதற்கு மாற்றி, பழம் போட்டு இரண்டாம் முறை புளிக்க விடுவார்களாம். அவர் மாற்றிவிட்டு, செரி வந்ததும் போடுவோம் என்று சொல்லிப் போனவர். மூன்று நாளுக்கு முன் சிவம் அண்ணை கொட்டை எடுத்த செரியைப் போட, அடங்கிக் கிடந்தது திரும்பப் பொங்கத் தொடங்கிவிட்டது. மூடியில் இருந்த சின்னக் குழாயால் 'குளுக் குளுக்' என்று காற்று வெளியே போனது. ஆள் இல்லாத பிறகும் அவருடைய வேலை நடந்துகொண்டிருந்தது.

"உந்தக் குழாயோட கொண்டு போனா என்ர வான் முழுக்க மணக்கும், பிள்ளை. பொலிஸ் மறிச்சா கேஸ்," என்று சிவம் அண்ணை குழாயைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டு, தக்கையை இறுக்கி, மேலே ஒட்டுகிற ரேப் சுற்றினார். எங்கள் அகதி வழக்கு முடியாத காலம். பொலிஸ் என்றதும் நானும் ரேப்பைப் பிடித்துக் கொடுத்தேன்.

பின் சீற்றில் சாடிக்கு பெல்ற் போட்டு, நான் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். இருபது நிமிட ஓட்டம்தான். ஆனால் 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையவில்லை. நல்ல வெயில், வானில் ஏசி இல்லை.

"அண்ணை, உது சீறுது."

"ஒண்டும் செய்யாது. உன்ர மனிசனைப் போல, சத்தம் மட்டுந்தான்."

"அவர் சத்தமே போடாமத்தானே போனவர், அண்ணை."

தக்கை மெல்ல மேலே எழும்பி ரேப்பைத் தள்ளியது. ஊரில் குண்டு போட வரும் பிளேன் இரைந்தால் பங்கருக்குள் குதிப்போம். இதற்குள் குதிக்க இடமில்லை. சாடி வெடித்தால் கண்ணாடி என் முகத்தில். படைக்கவும் ஒன்றும் மிஞ்சாது.

"திறக்காதை பிள்ளை. பின்னால பொலிஸ் நிக்கிறான்."

ரேப்பைக் கிழித்தேன். தக்கை வானின் கூரையில் அடித்தது. நுரையும் செரியும் பொங்கி என் வெள்ளைச் சேலை முழுக்கச் சிவப்பு. சிவம் அண்ணை ஓரங்கட்ட, பொலிஸும் வந்து நின்றது. எட்டிப் பார்த்த அந்தப் பொலிஸ்காரப் பொடியனின் முகம் வெளிறிவிட்டது; இரத்தம் என்று நினைத்திருக்கிறான். நான் மடியில் கிடந்த ஒரு பழத்தை எடுத்து நீட்டினேன். அது வழுக்கி விழுந்துவிட்டது. சிவம் அண்ணை தெரிந்த இங்கிலிஷில் எல்லாம் சொன்னார்.

"என்னவாம், அண்ணை? பிடிக்கப் போறானோ?"

"குழாயைத் திரும்பப் பூட்டிப் பின்னுக்கு வைக்கட்டாம். நாளைக்குப் படைக்க மிச்சம் காணுமோ எண்டும் கேக்கிறான்."

காணும். பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. மறுநாள் ஒரு ரம்ளரில் ஊற்றி அவர் படத்துக்கு முன் வைத்தேன்.

இப்படிக் கொண்டுபோகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பழம் போட்டு அடங்கும்வரை சாடியை அசைக்காதீர்கள். அசைக்கத்தான் வேண்டுமென்றால் வாயை அடைக்காதீர்கள், ஆட்கள் இருக்கிற பக்கம் வைக்காதீர்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைத் தொட நான் ஒருவரையும் விடவில்லை. குழாயைப் பூட்டிக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நாள் போகப் போக 'குளுக்' சத்தம் குறைந்துகொண்டு வந்தது. ஒன்று கேட்டால் அடுத்தது வராமல் போய்விடுமோ என்று பயந்து பயந்து பக்கத்திலேயே இருப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் காது கொடுத்தேன். வரவில்லை. அவர் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அன்றுதான்.