வானமில்லாத வானொலி

பார்படோஸ் தீவுக்கு வானொலி முதலில் வானத்தின் வழியாக வரவில்லை, கம்பி வழியாகத்தான் வந்தது. யாரும் கேட்காவிட்டாலும் இதை நான் சொல்லிவிடுவேன். அவ்வளவு பிடித்த விஷயம். ஆனால் இதை நான் தெரிந்துகொண்ட விதம் அத்தனை பெருமைக்குரியதல்ல.

அப்போது எனக்கு ஒன்பது வயது. லண்டனில் பிளேஸ்டோ என்ற பகுதியில் இருந்தோம். பக்கத்து வீட்டு அன்ரி பார்படோஸ்காரி. லண்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, தனியாக இருந்தார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு மரப்பெட்டி தொங்கியது. முன்பக்கம் துணி, அதன் கீழே ஒரே ஒரு குமிழ். முள் இல்லை, எண்கள் இல்லை. ஊரில் அவருடைய அப்பா கேட்ட ரேடியோவாம். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது பேசிக் கேட்டே ஆகவேண்டும்.

எங்கள் வீட்டில் மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து தன் அகதி வழக்கின் முடிவு வரும் என்று காத்திருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லாததால் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் திருத்திவிட்டார், பழுதாகாதவை உட்பட. ஆங்கிலம் அவருக்கு வராது. டாக்டர், கவுன்சில், பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பெட்டியை மாமா திருத்தித் தருவார் என்று அன்ரியிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார். அதற்குள் ரேடியோ இல்லையே, பிள்ளை, என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மாமாவின் பக்கம் திரும்பி, "ரேடியோ வாறேல்லையாம்" என்றேன்.

சமையலறை மேசையில் வைத்து மாமா இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பின்பலகையை எடுத்தார். உள்ளே ஒரு ஒலிபெருக்கி, ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். மேசைக்குக் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, நீ ஏதும் எடுத்தனியோ?"

"இல்லை மாமா."

"அப்ப உள்ளுக்குக் கிடந்த சாமான் எல்லாம் எங்கை?"

அம்மா ஷிப்ட் முடிந்து வந்தபோது மாமா தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பெட்டிக்குக் காவல் இருந்தார்.

"போய் உள்ளதைச் சொல்லன் தம்பி."

"திறக்கேக்கையே வெறுமையாக் கிடந்தது எண்டா ஆர் அக்கா நம்புவினம்? மனிசி பொலிசுக்கு ஒரு கோல் எடுத்தாச் சரி, என்ர கேஸ் முடிஞ்சுது."

அம்மா பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

மாமாவிடம் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. மாலை ஆறு மணிக்குத் தமிழ் நிகழ்ச்சி வரும். மரண அறிவித்தல் நேரத்தில் யாரும் இருமக்கூட முடியாது. ஒருநாள் நான் அதன் முள்ளைத் திருகிவிட்டேன் என்று அந்த இடத்தில் டேப் ஒட்டி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அந்த டிரான்சிஸ்டரையே பெட்டிக்குள் வைத்து, ஒலிபெருக்கியோடு வயரைத் தொடுத்து, இயக்கிவிட்டு மூடினார். "திருத்திப்போட்டம் எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் கதையாதை."

நாங்கள் கொண்டுபோனபோது மாலை ஆறு மணி தாண்டியிருந்தது. அன்ரி பெட்டியைச் சுவரில் மாட்டிக் குமிழைத் திருப்பினார். மெல்லிய வீணை. பிறகு தாழ்ந்த குரல்: "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட..."

தமிழ் நிகழ்ச்சியில் முள்ளை ஒட்டிவைத்த டேப்பை எடுக்க மறந்துவிட்டோம். மாமா வாசல் கதவைப் பார்த்தார்.

அன்ரியோ தலைகுனிந்து நின்றார். அறிவித்தல் முடிந்த பிறகுதான் யார் இறந்தது என்று கேட்டார். அவருடைய தீவிலும் இந்தப் பெட்டிதான் சாவு சொல்லுமாம். அந்தக் குரலை எந்த மொழியிலும் கண்டுபிடித்துவிடலாம் என்றார்.

பெட்டிக்குள் இருப்பது மாமாவின் ரேடியோ என்று நான் ஒப்புக்கொண்டதும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இந்தப் பெட்டிக்குள் ஒருநாளும் ரேடியோ இருந்ததில்லை என்றார். ரேடியோ நகரத்தில் இருந்தது. அங்கே ஓரிடத்தில் லண்டனின் குரலைப் பிடித்து, கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். கேட்பவருக்கு இருந்த ஒரே உரிமை சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். தீவின் வானத்தில் சொந்தக் குரல் பறக்கப் பல வருடங்கள் ஆயின. பெட்டி இல்லாதவர்கள் கிரிக்கெட் நாட்களில் அன்ரியின் ஊர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நிற்பார்களாம். வானொலி என்ற சொல்லே அங்கே பொருந்தாது என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன்.

உள்ளே ரேடியோ இல்லை என்று முதலே சொன்னேனே, என்றார் அன்ரி. மற்றதையெல்லாம் மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

மாமா நாற்காலியில் இருந்தார். மூன்று நாளில் முதல்தடவையாகச் சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அப்ப என்ர ரேடியோவைக் கழட்டி எடுக்க ஏலுமோ எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். அன்ரி பெட்டியின் முதுகைத் தடவிப் பார்த்து, கொஞ்சம் யோசித்தார். இனி ஏலாது, பழைய மரம், இன்னொருமுறை திறந்தால் உடைந்துவிடும் என்றார். வேண்டுமானால் தினமும் ஆறு மணிக்கு இங்கே வந்து கேட்கட்டும்.

அப்படியே நடந்தது. மாமா ஆறு மணிக்குப் போவார், நான் பின்னால் போவேன். அன்ரி சுட்ட தேங்காய் பாண், அதாவது தேங்காய் ரொட்டி, இருக்கும். அறிவித்தல் தொடங்கியதும் ஒரு சொல்லும் விளங்காத அன்ரி எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். மாமாவின் ரேடியோ இப்படிச் சிக்கிக்கொண்டதே என்று நான் நெடுநாள் கவலைப்பட்டேன்.

பெட்டியில் இருந்தது இரண்டே திருகாணி. அதைக் கழற்றியவரும் மாமா, பூட்டியவரும் மாமா. மரம் உடையும் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது ஏன் அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார் என்பது மட்டும் அப்போது எனக்கு விளங்கவில்லை.