அழைப்பிதழில் மாட்டுத்துறை

இன்று களுவாஞ்சிக்குடி அச்சகத்தில் பேத்தியின் கலியாண அழைப்பிதழுக்கு எழுதிக் கொடுத்தோம்.

மாப்பிள்ளையின் தாய் மெதுவாகச் சொன்னார்: "மாமி, உங்கட ஊரை மாட்டுத்துறை எண்டு போட வேணாம். மட்டக்களப்பு எண்டே போடுவம். மகன் ஒக்ஸ்போர்ட்டில இருக்கிறவன், அங்கத்த ஆக்களும் பாப்பாங்க."

பேத்தி போனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மம்மா, ஒக்ஸ்போர்ட் எண்டாலும் மாடு ஆத்தைக் கடக்கிற துறைதானாம்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அது போதும்.

"தம்பி, ஒக்ஸ்போர்ட், மாட்டுத்துறை ரெண்டு ஊரையும் போடுங்க. இல்லாட்டி ரெண்டையும் எடுத்திருங்க" என்று அச்சகக்காரரிடம் சொன்னேன்.

இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வருகின்றன.

எங்கள் மாடுகள் இன்று மாலையும் வாவியைக் கடந்துதான் பட்டிக்கு வந்தன. அங்கே இன்னும் கடக்கின்றனவா? ஒக்ஸ்போர்ட்டில் இருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.