வெள்ளைக் கவுன்களுக்காக வளர்த்த பனைகள்

மனித குலத்தை நெடுங்காலமாகப் பீடித்திருக்கும் ஒரு தவறான நம்பிக்கையை முதலில் களைந்துவிடுகிறேன். செடிகள் தூசியை உறிஞ்சுவதில்லை. எந்த இலையும் தூசியைத் தின்று ஏப்பம் விட்டதாகத் தாவரவியலில் தகவல் இல்லை. தூசி இலைமேல் உட்கார்ந்து சற்று இளைப்பாறுகிறது. அடுத்த காற்று வந்ததும் அதில் ஏறிக்கொண்டு, முதலில் எங்கே போவதாக இருந்ததோ அங்கேயே போய்ச் சேர்கிறது. டோல்கேட் ஸ்டாப்பில் இறங்கி பஸ் மாறுகிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

வீட்டில் பாம் எனும் அலங்காரப் பனை, ஹெலிகோனியா, ஆந்தூரியம் என்று வளர்த்து விற்கும் தொழிலில் இந்த உண்மையைச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் உருப்பட மாட்டான். நான் சொன்னேன். மணலியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருவொற்றியூர் வீட்டின் பின்பக்கம் தொட்டிகளை அடுக்க ஆரம்பித்த இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, வாயைத் திறக்காத வேறொரு நர்சரிக்காரரிடம் போய் வாங்கினார்கள். தொட்டிச் செடி வளர்த்து நொந்துபோன சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

கேட்ட பிறகும் என்னிடமே வாங்கியவர் ஒருவர் உண்டு. அதன் பலனைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எலி நிறம்

ராயபுரம் பிலோமினா அக்கா, சர்ச்சில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பவர். வருடம் முழுக்க ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தாலும், ஈஸ்டரை ஒட்டி வரும் இந்த ஆர்டர்தான் அவருக்குப் பெரிது. தைத்து முடித்ததும் கையழுக்குப் போக அலசி, கஞ்சி போட்டு, முற்றத்துக் கொடியில் காயப்போடுவார். முற்றத்துக்கும் கடலுக்கும் நடுவே மலை மலையாகத் துறைமுகத்து நிலக்கரி. காலையில் வெள்ளையாகக் கொடியேறிய கவுன்கள் மாலையில் எலி நிறத்தில் இறங்கும். ஒரு வருடம் பங்குத் தந்தை, வரிசையில் நின்ற பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த முறையும் இப்படியென்றால் பாரிமுனையில் ரெடிமேடாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மறு வாரமே அக்கா என் வீட்டுக்கு வந்தார். முற்றத்தின் கடல் பக்க ஓரம் முழுக்கத் திரை மாதிரி நிறுத்த, ஆள் உயர அரிக்கா பாம் ஒரு டஜன் வேண்டும் என்றார். என் தூசி உபதேசத்தை ஒரு வரி விடாமல் நிகழ்த்தினேன். முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு, "நீ சொல்றது கரீட்டுதான் சார். ஆனா அந்தாண்ட சொவுரு ஏத்துனா வூட்டு ஓனரு சண்டைக்கு வருவான். செடி வெச்சா இன்னான்னு வருவான்?" என்றார்.

பாக்கு இல்லாத பாக்கு

தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போக மீன்பாடி வண்டி காஜா பாயைப் பிடித்தேன். வழக்கமாகக் காசிமேட்டிலிருந்து மீன் கூடை ஏற்றுகிற வண்டி. அன்று அதில் வெப்பமண்டலத் தீவு ஒன்று பயணம் செய்தது. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஒலி எழுப்பி மரியாதை செலுத்தினார்கள்.

போகிற வழியில் காஜா பாய், இது பாக்கு மரம்தானே, எப்போது காய்க்கும் என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. இது மடகாஸ்கரில் பிறந்த பனை, பாக்கு மரத்துக்குத் தூரத்துச் சொந்தம், பாக்கைக் குறிக்கும் அரிக்கா என்ற பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது, இதன் காயை வாயில் போட்டு மென்றால் ஒரு பயனும் இல்லை என்று தண்டையார்பேட்டை வரைக்கும் விளக்கினேன். தூசியைப் பற்றியும் விளக்கினேன். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "பாக்கும் காய்க்காது, தூசியும் எடுக்காது. அப்பால இன்னாத்துக்கு சார் இத்த இஸ்துகினு போறோம்?"

ரெண்டு கோட்டு

பராமரிப்பு பார்க்க மாதம் ஒரு முறை வருவதாகச் சொல்லியிருந்தேன். முதல் முறை போனபோது, எல்லாப் பாமும் முழங்கால் வரை செக்கச் செவேலென்று நின்றன. தண்டுகளுக்கு யாரோ ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்திருந்தார்கள். தொட்டிகளுக்கும்தான். யாரோ என்ன யாரோ, அக்காவின் கணவர் அந்தோணி. கப்பலுக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற வேலை. உப்புக் காற்றில் நிற்கிற எதற்கும் பெயின்ட் அடித்தாக வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். தெருக் குழாய்க்கும் அவர்தான் அடித்திருந்தார்.

பனைத் தண்டு இரும்பல்ல, அதற்குத் துரு பிடிக்காது, அது உயிருள்ள வஸ்து என்று தொடங்கி வெகுநேரம் பேசினேன். என் படிப்புக்கு மரியாதை கொடுத்தாவது அந்தச் செடிகள் வாடியிருக்கலாம். மாறாக, என் வீட்டில் பெயின்ட் இல்லாமல் முறைப்படி வளர்ந்த சகோதரச் செடிகளைவிடச் செழிப்பாக இருந்தன. அந்தோணி பிரஷ்ஷைத் துடைத்தபடி சமாதானம் சொன்னார்: "பயப்படாத சார். ரெண்டு கோட்டு குட்துகீறேன், பத்து வருசத்துக்குக் கப்பலே தாங்கும்."

அபூர்வ ரகம்

உப்புக் காற்றில் இலை நுனி பழுப்பாகும். காய்ந்த நுனியை மட்டும் நறுக்கிவிடுங்கள் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். எந்தக் கத்தரிக்கோலால் என்று சொல்லவில்லை. துணி ஓரம் பிரியாமலிருக்கத் தையல்காரர்கள் வைத்திருக்கும் பல் பல்லான கத்தரியால் அவர் நறுக்கியிருந்தார். ஆயிரக்கணக்கான நுனிகளும் ஒரே சீராக, பலகாரக் கடைப் பிஸ்கட் மாதிரி இருந்தன. அது போதாதென்று, சனிக்கிழமை தோறும் இலைகளைச் சோப்பு நீரில் துடைத்து, கடைசி அலசலில் சொட்டு நீலம் வேறு. வெள்ளைத் துணிக்கு நல்லதென்றால் செடிக்கு மட்டும் ஆகாதா என்பது அவர் கேள்வி. எந்தப் புத்தகத்திலும் இதற்கு நேரடியான மறுப்பு இல்லை.

அந்தச் சமயத்தில் அண்ணா நகரிலிருந்து ஒரு அம்மாள் கவுனுக்கு அளவு கொடுக்க மகளை அழைத்து வந்திருந்தார். நீலம் பாய்ந்து, ஓரமெல்லாம் பல் வைத்து, சிவப்புக் காலோடு நின்ற பாம்களைப் பார்த்து அசந்துபோனார். இதே ரகம் தனக்கும் வேண்டும் என்றார். இது ரகமல்ல, சொட்டு நீலம், கத்தரிக்கோல், கப்பல் பெயின்ட் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ரேர் வெரைட்டின்னா தர மாட்டேன்னு நேரா சொல்லுங்க. அதுக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க."

வெயில் தொலைந்தது

அடுத்த ஈஸ்டர் நெருங்கியது. வருடம் முழுக்கத் துணிக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சித் தண்ணீர் குடித்த பாம்கள் மதிலைத் தாண்டி, வளைந்து, எதிர்ச் சுவரையே தொட்டுவிட்டன. பார்க்க ஏதோ விடுமுறை மாளிகை மாதிரி இருந்தது. முற்றத்தில் மட்டும் வெயில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. வியாழக்கிழமை காலை அக்கா முதல் தவணைக் கவுன்களை அலசிக் கொடியில் போட்டார். சாயங்காலம் நான் போனபோது அவை சொட்டச் சொட்ட அப்படியே தொங்கின. கிட்டே போய்ப் பார்த்தேன். ஈரத் துணியில் கரிப்புள்ளிகள் ரவா உப்புமாவில் கடுகுபோல் ஒட்டியிருந்தன. இலையில் இளைப்பாறிய தூசி காற்று வந்ததும் கிளம்பி, போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. என் கருத்து இவ்வளவு துல்லியமாக அதுவரை நிரூபிக்கப்பட்டதில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, சென்ற வருடமே நான் சொன்னதை நினைவூட்டினேன்.

அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே இன்னும் அலசாத கவுன்கள் மூட்டையாகக் கிடந்தன. இந்த ஆர்டர் போனால் அடுத்த வருடம் தையலை விட்டுவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். அன்று மெஷின் சக்கரத்தைக் கையால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். "ஏதாச்சும் வழி சொல்லு சார். நீ சொன்னது கரீட்டா தப்பான்னு அப்பறமா பேசிக்கலாம்."

அந்தோணியின் கயிறு

நான் சொன்ன வழி, பாம்களை அடியோடு வெட்டிவிடுவது. வெயிலாவது வரும். "ஒரு வருசம் புள்ள மாதிரி வளத்துகீறேன், வெட்றதாமே" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டபடி டீ குடித்துக்கொண்டிருந்த அந்தோணி, டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கப்பல் கயிறு கட்டினார். கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போட்டார். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் பழந்துணியைத் திணித்தார். மேலே ஓடிய மின்விசிறி போதாதென்று பக்கத்து வீடுகளில் இரண்டு டேபிள் ஃபேன் இரவல் வாங்கி வந்தார். புள்ளி விழுந்த கவுன்களை அக்கா மறுபடி அலசிக் கொடுத்தாலும், வாய் ஓயவில்லை. வெயில் படாத துணி எங்கேயாவது வெளுக்குமா, பூஞ்சை வாடை அடிக்காதா, இந்த ஆளுக்குக் கப்பலைத் தவிர என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தோணி கடைசி முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்: "அது ஒண்ணும் வெளுக்க வாணாம் பிலோ. கறுக்காம இருந்தா போதும்."

காரண காரியம்

ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னையும் சர்ச்சுக்கு அழைத்திருந்தார். சிறுமிகள் வரிசையாக வந்தார்கள். பால் பாக்கெட்டுக்கு விளம்பரம் எடுக்கலாம், அப்படி ஒரு வெள்ளை. பூசை முடிந்து வெளியே வந்த பங்குத் தந்தை ஒரு கவுனின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் பிலோமினாவே தைக்கட்டும் என்றார். என்ன செய்தீர்கள் என்றும் கேட்டார். சர்ச் வாசலில், பாதி ராயபுரம் காது கொடுத்துக் கேட்கும்படி, அக்கா சொன்னார்: "பாம் வெச்சேன் ஃபாதர்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தந்தையைத் தனியே நிறுத்தி விளக்கினேன். பாம் தூசியைத் தடுக்கவில்லை. அது வெயிலைத்தான் தடுத்தது. வெயில் இல்லாததால் துணி காயவில்லை. காயாததால் வீட்டுக்குள் கட்டினார்கள். ஜன்னலைச் சாத்தியதால்தான் துணி வெள்ளை. பாமின் பங்கு பூஜ்யம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். பாம் இல்லாவிட்டால் அவர்கள் துணியை உள்ளே காயப்போட்டிருப்பார்களா என்றார். மாட்டார்கள் என்று ஒப்புக்கொண்டேன். "அப்போ பாம்தானே சார் காரணம்?"

சொல்லிவிட்டுத்தான் விற்றேன்

அதன்பின் அந்தத் தெருவில் வீடு தவறாமல் என்னிடம் பாம் வாங்கினார்கள். காஜா பாய் மீன் கூடைக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வாசலிலும் தொட்டியை இறக்கும் முன் தூசி உபதேசத்தைத் தவறாமல் செய்தேன். முற்றம் இருண்டுவிடும், துணி காயாது, உள்ளே கயிறு கட்ட வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்தேன். நடுத்தெருவில் ஒரு பெண்மணி என்னைப் பாதியிலேயே நிறுத்தி, தொட்டியை வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். "எல்லாம் தெரியும் சார். நீ வந்தா இப்டித்தான் இன்னாமோ பேசுவியாம், காதுல வாங்கிக்காத, செடிய மட்டும் வாங்கிக்கன்னு பிலோமினா அப்பவே சொல்லிச்சி."

அந்தத் தெருமுனையில் எரிந்துபோன மின்விசிறிக்குக் காயில் கட்டித் தருபவர், மழைக்காலம் வருவதற்குள் பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.